ஆள் பிரிக்கும் கணக்கு

மாலை நான்கரை மணிக்கு மேல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் வீடு கட்டாத மனை எதன் அருகில் நின்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். மட்டைக்குச் சொந்தக்காரப் பையன் ஒரு தலைவன். நன்றாக ஆடக்கூடிய இன்னொருவன் மறு தலைவன். மற்றவர்கள் எதிரே கும்பலாக நிற்பார்கள். நாணயம் சுண்டுவார்கள். நாணயம் இல்லையென்றால் ஓட்டாஞ்சில்லின் ஒரு பக்கத்தை ஈரமாக்கி மேலே எறிவார்கள். வென்றவன் கும்பலில் ஒருவனை அழைப்பான். அடுத்தவன் ஒருவனை அழைப்பான். மாறி மாறி இப்படியே போகும். கும்பல் கரைந்து கடைசியில் ஒரு சிறுவன் மிஞ்சுவான். அவனை யாரும் அழைப்பதில்லை. "நீ அந்தப் பக்கம் போடா" என்று தள்ளிவிடுவார்கள். அல்லது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக் கொள்வார்கள்.

அன்று யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்பது இரவுச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும். தான் எத்தனையாவதாக அழைக்கப்பட்டோம் என்பதை அவன் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

இந்த ஆள் பிரிக்கும் வேலையைப் பெரும்பணம் புரளும் தொழில்முறை விளையாட்டுகளிலும் செய்கிறார்கள். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஏலத்தில் பணம் அதிகம் வைத்திருப்பவர் விரும்பியவரை வாங்கலாம். டிராஃப்டில் முறை வந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே வரிசைதான் செல்வம். அந்த வரிசையில் ஒருவர் பெறும் எண் அவருடைய பிற்கால ஆட்டத்தைப் பற்றி ஏதேனும் சொல்லுகிறதா? சொல்லுமானால் எவ்வளவு தூரம் அதை நம்பலாம்? நமக்கு நன்கு தெரிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதைப் பார்ப்போம்.

மும்பையில் ஒரு டிசம்பர் நாள்

2015 ஜூலை 14 அன்று, நீதிபதி லோதா தலைமையிலான குழு, ஐ.பி.எல். போட்டிகளிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய இரு அணிகளையும் இரண்டாண்டுகளுக்கு விலக்கி வைத்தது. நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் பந்தயம் கட்டியதற்கான தண்டனை அது. மட்டை பிடித்தவர்களோ பந்து வீசியவர்களோ செய்த குற்றத்துக்காக அன்று. ஆயினும் அணி இல்லாமல் நின்றவர்கள் அவர்கள்தாம்.

இரண்டு ஆண்டு இடைவெளியை நிரப்பப் புனேயும் ராஜ்கோட்டும் புதிய அணிகளாக வந்தன. இவற்றுக்கு உரிமை தரப்பட்ட முறையே விசித்திரமானது. வழக்கமாக அணிகளுக்கு வாரியத்திடமிருந்து ஆண்டுதோறும் பங்குத் தொகை வரும். அந்தப் பங்கை யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவருக்கே அணி என்று கீழ்நோக்கி ஏலம் விட்டார்கள். விலை பூஜ்யத்தையும் தாண்டி இறங்கிற்று. புனேக்காரர்கள், "எங்களுக்கு எதுவும் தரவேண்டாம், நாங்களே ஆண்டுக்கு 16 கோடி ரூபாய் தருகிறோம்" என்றார்கள். ராஜ்கோட்டுக்காரர்கள் 10 கோடி தருவதாகச் சொன்னார்கள். அதிகம் விட்டுக் கொடுத்த புனேக்கு முதலில் ஆள் எடுக்கும் உரிமை கிடைத்தது.

2015 டிசம்பர் 15 அன்று மும்பையில், சென்னை, ராஜஸ்தான் அணிகளின் வீரர்களிலிருந்து அணிக்கு ஐவராகப் பத்துப் பேர் எடுக்கப்பட்டனர். முதல் அழைப்பு மகேந்திர சிங் தோனிக்கு. இரண்டாவதாக ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ் அணி சுரேஷ் ரெய்னாவை எடுத்தது. பிறகு புனே ரஹானேயையும், குஜராத் ஜடேஜாவையும், புனே அஷ்வினையும், குஜராத் மெக்கல்லத்தையும், புனே ஸ்டீவ் ஸ்மித்தையும், குஜராத் ஃபாக்னரையும், புனே டு பிளெஸ்ஸியையும், கடைசியாகக் குஜராத் பிராவோவையும் எடுத்தன. பத்தில் ஏழு பேர் சென்னை அணிக்காரர்கள். மஞ்சள் சட்டை வாங்கி வைத்திருந்த நம் பக்கத்துப் பையன்கள் தொலைக்காட்சியில் தம் அணி கூறு போடப்படுவதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

சம்பளமும் வரிசைப்படிதான். ஒவ்வோர் அணியும் முதலில் எடுப்பவருக்கு 12.5 கோடி, இரண்டாமவருக்கு 9.5, மூன்றாமவருக்கு 7.5, நான்காமவருக்கு 5.5, ஐந்தாமவருக்கு 4 கோடி. ஆக, தோனியும் ரெய்னாவும் 12.5 கோடி, டு பிளெஸ்ஸியும் பிராவோவும் 4 கோடி. "எனக்கு இந்த ஊர் வேண்டாம்" என்றோ, "அந்த விலை போதாது" என்றோ சொல்ல அந்த மேடையில் வீரர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இம்முறையின் பிறப்பு

டிராஃப்ட் அமெரிக்க விளையாட்டுகளிலிருந்து வந்தது. அவற்றுள் பேஸ்பால் நமக்கு நல்ல பாடம். கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்பதோடு, ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வரிசையாகத் தேர்ந்தெடுத்த ஆட்டம் அது. ஆகவே எண்களும் ஏராளம்.

1964 வரை அங்கே பள்ளி, கல்லூரி இளைஞர்களைப் பணக்கார அணிகள் வாரிக்கொண்டு போயின. அவ்வாண்டு ரிக் ரைக்கார்ட் என்னும் கல்லூரி மாணவருக்கு ஓர் அணி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்தது. இப்படியே போனால் ஏழை அணிகள் என்றைக்கும் ஏழைகளே என்று உணர்ந்த நிர்வாகிகள் 1965 ஜூன் மாதம் டிராஃப்டைக் கொண்டு வந்தனர். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். நன்றாக ஆடிய அணி பின்னால் எடுக்கும். தோற்றவனுக்கு முதல் கவளம். நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. அதில் இன்னொரு நியாயமும் ஒளிந்திருந்தது. அது முதலாளிகளுக்கான நியாயம். எடுக்கப்பட்ட இளைஞன் அந்த ஓர் அணியோடு மட்டுமே பேரம் பேச முடியும். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டும். ஊக்கத்தொகைப் போட்டி அடங்கியது.

அந்த முதல் ஆண்டில் முதல் எண் ரிக் மண்டே என்பவருக்கு. கான்சாஸ் சிட்டி அணி எடுத்தது. அவர் 19 பருவங்கள் ஆடி 241 ஹோம் ரன் அடித்தார் (நம் சிக்சரைப் போன்றது ஹோம் ரன்). குறை சொல்ல முடியாத தேர்வு. ஆனால் அதே வரிசையில் 36ஆம் இடத்தில் ஜானி பெஞ்ச் நின்றார். விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிப்பவரைப் பேஸ்பாலில் கேட்சர் என்பர். அந்த இடத்தில் ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர் என்று பலர் போற்றுபவர் பெஞ்ச். இன்னும் கீழே, 295ஆம் இடத்தில் நோலன் ரயன். பேஸ்பால் வரலாற்றில் மிகுதியான மட்டையாளர்களை, 5,714 முறை, பந்தெறிந்தே வெளியேற்றியவர் அவர். 294 முறை அணிகள் வேறு பெயர்களைச் சொன்ன பிறகே அவர் பெயர் வந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிடக் கொடுமை. 1966இல் முதலிடம் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு. அவர்கள் 17 வயதுக் கேட்சர் ஸ்டீவ் சில்காட்டை எடுத்தார்கள். இரண்டாமிடத்தில் ரெஜி ஜாக்சன் எடுக்கப்பட்டார். 563 ஹோம் ரன்கள் அடித்துப் புகழ்மாடத்தில் இடம்பெற்றார். சில்காட் தோளில் அடிபட்டு, பெரிய அரங்கில் ஒரு நாளும் ஆடாமலே ஓய்ந்தார். 1991இல் முதலிடம் பெற்ற பிரையன் டெய்லர் என்ற பந்தெறிவாளரும் தோள் காயத்தால் அவ்வாறே மறைந்தார். இவர்கள் சோம்பேறிகளோ திறமையற்றவர்களோ அல்லர். தோள் மூட்டு என்பது பதினேழு வயதில் யாரும் முன்கூட்டிப் படித்துவிடக் கூடிய புத்தகம் அன்று; அவ்வளவுதான்.

சில்காட்டின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. அவர் இரண்டாமவராக எடுக்கப்பட்டிருந்தால் காயம்பட்ட ஓர் இளைஞர், அவ்வளவே. முதலாமவர் ஆனதால் காலமெல்லாம் பிறர் செய்த பிழைக்கு அவர் பெயர்.

வரிசை எண் பொய்யா என்றால் அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், முன்னால் எடுக்கப்பட்டவர்கள் பின்னால் எடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சரிவு ஒரே சீரானது அன்று. முதல் சில இடங்களில் செங்குத்தாக இறங்கும், பிறகு தட்டையாகிவிடும். முதல் இடத்துக்கும் முப்பதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் உள்ள வேறுபாடு அற்பம். மேலும் இதில் ஒரு கலப்படம் உண்டு. முன்னால் எடுத்தவனுக்குப் பணம் கொட்டிய அணி, அவன் நான்கு முறை தவறினாலும் ஐந்தாம் வாய்ப்புக் கொடுக்கும். பின்னால் வந்தவன் ஒருமுறை தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே எண் எதிர்காலத்தைச் சொல்கிறது என்பதில் ஒரு பகுதி, எண்ணே எதிர்காலத்தை உண்டாக்குகிறது என்பதாகும்.

இதையெல்லாம் மீறி வந்தவர் மைக் பியாசா. 1988இல் 62ஆம் சுற்றில், 1,390ஆம் ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் திறமைக்காக அன்று. லாஸ் ஏஞ்சலிஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டா அவர் தந்தையின் நண்பர். அந்த நட்புக்காகப் பெயர் சேர்க்கப்பட்டது. பியாசா 427 ஹோம் ரன்கள் அடித்தார். 2016இல் அவர் புகழ்மாடத்தில் ஏற்கப்பட்ட அதே விழாவில் ஏற்கப்பட்ட இன்னொருவர் கென் கிரிஃபி. 1987இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் எண் பெற்றவர்களில் புகழ்மாடம் ஏறிய முதல்வர் அவரே. பியாசாவோ அங்கே ஏறியவர்களில் மிகக் கடைசியில் எடுக்கப்பட்டவர். இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். செலவைக் குறைக்க 2021 முதல் இத்தேர்வு 20 சுற்றுகளோடு நிறுத்தப்படுகிறது. பியாசா நுழைந்த அந்த 62ஆம் கதவு இப்போது இல்லை.

மாறி மாறி எடுத்தால் சமமா?

இனிக் கொஞ்சம் கணக்கு. பென்சில் எடுத்துக் கொள்ளுங்கள். பத்து ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமைக்கு 10, 9, 8 என்று 1 வரை மதிப்பெண் போடுவோம். அ, ஆ என இரு தலைவர்கள் மாறி மாறி எடுக்கிறார்கள். அ-வுக்குக் கிடைப்பது 10, 8, 6, 4, 2, கூட்டினால் 30. ஆ-வுக்கு 9, 7, 5, 3, 1, கூட்டினால் 25. முதலில் அழைத்தவனுக்கு ஒரு தடவை அன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி லாபம். மும்பையில் நடந்த தேர்வு இவ்வகையே.

பாம்பு நெளிவதுபோல் வரிசையைத் திருப்பினால் என்ன? அ, ஆ, ஆ, அ, அ, ஆ, ஆ, அ, அ, ஆ என்று எடுத்தால் அ-வுக்கு 28, ஆ-வுக்கு 27. வேறுபாடு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. எட்டுப் பேரை வைத்து அ, ஆ, ஆ, அ, ஆ, அ, அ, ஆ என்று எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு முறைகளை அப்படியே தலைகீழாக்கி அடுத்த நான்காக வைத்திருக்கிறோம், வேறொன்றுமில்லை. 8 முதல் 1 வரை மதிப்பெண் போட்டால் இருவருக்கும் 18. துல்லியமான சமம். நார்வே நாட்டுக் கணித மேதை ஆக்ஸல் தூ ஆராய்ந்த தொடர் இது.

பத்துப் பேருக்குப் பின்னர் நேர்ந்தது

புனேக்கு வரிசையின் லாபம் இருந்தது. எடுக்கப்பட்டவர்கள் பதினேழு வயது அறியாச் சிறுவர்களும் அல்லர். உலகம் நன்கறிந்த ஆட்டக்காரர்கள். ஆகவே கணிப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். 2016இல் குஜராத் 14 ஆட்டங்களில் 9 வென்று பட்டியலில் முதலிடம் பெற்றது. புனே 5 மட்டுமே வென்று ஏழாமிடம். ஸ்மித்தும் டு பிளெஸ்ஸியும் காயத்தால் பாதியில் வீடு திரும்பினார்கள். 2017இல் எல்லாம் கவிழ்ந்தது: புனே 9 வென்று இரண்டாமிடம், குஜராத் 4 வென்று ஏழாமிடம். இந்த இரண்டாமாண்டில் புனேக்குத் தலைவர் தோனி அல்லர்; ஸ்மித். ஏழாவதாக அழைக்கப்பட்டவரின் கீழ் முதலாவதாக அழைக்கப்பட்டவர் ஆடினார். இறுதி ஆட்டத்தில் மும்பை எடுத்த 129க்கு எதிராகப் புனே எடுத்தது 128.

அந்த இறுதி ஆட்டத்துக்குப் புனே எப்படி வந்தது என்பதுதான் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐந்தாவதாக அழைக்கப்பட்ட அஷ்வின் 2017 பருவத்தில் காயம் காரணமாக ஆடவில்லை. அவருக்குப் பதிலாக, தொடக்கப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு பதினேழு வயதுச் சென்னைப் பையனைச் சேர்த்தார்கள். பெயர் வாஷிங்டன் சுந்தர். 2017 மே 16 அன்று மும்பை வான்கடே அரங்கில் நடந்த முதல் தகுதி ஆட்டத்தில் அவர் 16 ஓட்டங்கள் கொடுத்து 3 விக்கெட் வீழ்த்தினார். புனே 20 ஓட்டத்தில் வென்றது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

2018இல் சென்னை அணி திரும்பியது. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்க வைத்துக் கொண்டது. ஏலத்தில் பிராவோவை 6.4 கோடிக்கும் டு பிளெஸ்ஸியை 1.6 கோடிக்கும் மீட்டது. அஷ்வின் பஞ்சாபுக்குப் போனார். அவ்வாண்டு ஹைதராபாத்துக்கு எதிரான முதல் தகுதி ஆட்டத்தில் சென்னையின் விக்கெட்டுகள் சரிந்து கொண்டிருந்தபோது, ஆட்டமிழக்காமல் 67 ஓட்டம் எடுத்து அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு போனவர் டு பிளெஸ்ஸி. மும்பைத் தேர்வில் ஒன்பதாவதாக அழைக்கப்பட்டவர். கோப்பை சென்னைக்கு வந்தது.

நம் ஊர் வரிசை

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியிலும் ஆட்டக்காரர்களை ஏலம் இன்றி டிராஃப்ட் முறையிலேயே பிரித்தார்கள். எட்டு அணிகளில் ஒன்று திருவள்ளூர் வீரன்ஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தமையால் அதை நம் பக்கத்து அணி என்றே சொல்லலாம். பின்னர் அது காஞ்சி என்று பெயர் மாற்றிக் கொண்டது. அந்த முதல் பருவத்தில் திண்டுக்கல் அணிக்காக ஆடியவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். அடுத்த பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கி 3 கோடிக்குப் போனார். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் அவரும் வாஷிங்டன் சுந்தரும் ஒன்றாக அறிமுகமானார்கள். பட்டியலின் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காயமடைந்ததால் கிடைத்த இடங்கள் அவை. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள்.

தமிழ்நாடு லீக் 2023இல் ஏலத்துக்கு மாறியது. முதல் ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு வாங்கிற்று. வரிசை எண் போய், அதன் இடத்தில் விலை வந்திருக்கிறது.

நம் பாட்டன்மார் வேறொரு வழி வைத்திருந்தார்கள். அதற்கு 'உத்தி பிரித்தல்' என்று பெயர்; கிட்டிப்புள்ளுக்கும் சடுகுடுவுக்கும் ஆள் பிரித்தது அப்படித்தான். தலைவர்கள் இருவரும் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தமக்குள்ளேயே சம பலம் உடையவர்களாக இருவர் இருவராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போவார்கள். இரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக் கொள்வார்கள். ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன் என்பதுபோல. திரும்பி வந்து, "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று ஒரு தலைவனைக் கேட்பார்கள். அவன் கேட்ட பெயருக்கு உரியவன் அந்தப் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடி அடுத்த தலைவனிடம் போகும்.

நம் பத்துப் பேர் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 10க்கு 9 ஜோடி, 8க்கு 7 ஜோடி என்று சேர்வார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு புள்ளிதான் வேறுபாடு. அது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். எல்லாத் தற்செயலும் ஒரே பக்கம் விழுந்தால்கூட வேறுபாடு ஐந்தைத் தாண்டாது. பல நாள் ஆடினால் சராசரி பூஜ்யம். யார் யாருக்குச் சமம் என்று முடிவு செய்பவர்களும் தலைவர்கள் அல்லர்; ஆடுகிறவர்களே. தன் பலம் தனக்குத் தெரியாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் முதலில் அழைக்கப்பட்டவன் என்று ஒருவனும் இல்லை, கடைசியில் நின்றவன் என்று ஒருவனும் இல்லை. கடைசி ஜோடியில் வருகிறவனையும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இதை ஐ.பி.எல். அணிகளுக்கு வைக்க முடியாது. விக்கெட் கீப்பருக்கு ஜோடியாகச் சுழற்பந்து வீச்சாளரை நிறுத்தினால் ஓர் அணியில் இரண்டு கீப்பரும் இன்னொன்றில் யாருமே இல்லாமலும் போகலாம். தெருவில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லாரும் எல்லாம் செய்வார்கள்.

உத்தியிலும் ஏமாற்று உண்டு. பிடித்த தலைவனிடம் போக நினைப்பவன், தான் வைத்துக்கொள்ளப் போகும் பெயரை அவனிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவான். இல்லையேல் கேட்கும்போது கண்ணைச் சிமிட்டுவான். அதனால்தான் ஜோடிகளை மரத்துக்கு அப்பால் போய்ப் பெயர் வைக்கச் சொல்வார்கள். திரும்பி வந்து கேட்கும்போது தலைவன் அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது, வேறு பக்கம் திரும்பி நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.